தட்டிப் பார்த்தல்

பொய்யில்தான் தொடங்குகிறேன்.
நாடி பார்ப்பதுபோல் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு
கண்ணை மட்டும் அவன் சட்டைப் பொத்தானில் வைக்கிறேன்.
இரண்டாவது பொத்தான். ஏறுகிறது, இறங்குகிறது.
மூச்சை எண்ணப்போகிறேன் என்று சொன்னால் போதும்,
யாருடைய மூச்சும் போட்டோவுக்கு நிற்பதுபோல்
விறைத்துக்கொள்ளும்.

நிமிடத்துக்கு இருபத்தாறு.
நாடி எவ்வளவு என்று கேட்டான். ஏதோ சொன்னேன்.

பூபாலன் நாயக்கர், வயது நாற்பத்தொன்று.
டர்பன், மெர்பேங்க், ரிஃபைனரிக்குப் பின்தெரு.
வேலை: டேங்க்.
டேங்கில் என்ன வேலை என்றேன்.
"உள்ளே எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பது"
என்றான், இங்கிலீஷில்.
தமிழ் அவனுக்குக் கோயிலோடு சரி.

தொடுவதற்கு முன் நெடுநேரம் பார்க்க வேண்டும்.
கழுத்துக்குழி உள்ளே இழுபடுகிறதா,
உதடு என்ன நிறம்,
ஒரு வாக்கியத்தை எத்தனை துண்டாக்கிப் பேசுகிறான்.
இவன் நான்கு சொல்லுக்கு ஒரு தரம் நிற்கிறான்.
மூச்சு வாங்குகிறது என்கிறோம்,
யாரிடமிருந்து, என்ன விலைக்கு என்று சொல்வதில்லை.

முப்பத்தோரு வருஷமாக எனக்கு ஆறாத வியப்பு,
நுரையீரல் இவ்வளவு சோம்பேறியாக இருப்பது.
தன்னை விரித்துக்கொள்ள அதற்குத் தசை கிடையாது.
கீழே உதரவிதானம் ஒரு விரல் தாழும்,
விலா எலும்புகள் வாளியின் கைப்பிடிபோல்
பக்கவாட்டில் எழும்பும்,
உள்ளே இடம் உண்டாகும். அவ்வளவுதான்.
இடம் கண்டால் காற்று வந்துவிடும்,
அழைக்காத விருந்தாளி மாதிரி.

அடுத்த தடுப்பில் சிஸ்டர் ஹ்லெங்கிவே
யாரிடமோ "டொன்சா உமோயா" என்கிறாள்.
காற்றை இழு.
ஜூலுவில் உமோயா காற்று, உமோயாவே உயிரும்.
நம் ஆவியும் அப்படித்தான்,
இட்லிப் பானையிலும் எழும், ஆளை விட்டும் போகும்.

சட்டையைக் கழற்றினான்.
முதுகில் இரண்டு உள்ளங்கைகளையும் பதித்து
தொண்ணூற்றொன்பது சொல்லச் சொன்னேன்.
நைன்ட்டி நைன் என்றான்.
என் இடக்கைக்கு அந்த எண் வந்து சேர்ந்தது.
வலக்கைக்கு வரவில்லை.

பிறகு விரல்மேல் விரல் வைத்துத் தட்டினேன்,
வலப்பக்கம், மேலிருந்து.
தொம். தொம்.
ஒரு விலா இறங்கி, தொம்.
இன்னொரு விலா இறங்கி,
தத்.

அவன் முதுகு சட்டென்று நிமிர்ந்தது.
"மறுபடி" என்றான்.
தட்டினேன்.
அதற்குள் தலையை ஒருபக்கம் சாய்த்திருந்தான்,
பத்தொன்பது வருஷம், கருவி பழுதான நாளிலெல்லாம்
பொறி பறக்காத பித்தளைச் சுத்தியலால்
இரும்புச் சுவரைத் தட்டித் தட்டி
எண்ணெய் எங்கே நிற்கிறது என்று
சாக்பீஸால் கோடு கிழித்தவன்.
கையைப் பின்னால் வளைத்து, பார்க்காமலே,
நகத்தால் தன் தோலில் ஒரு கோடு போட்டான்.
"இதுவரைக்கும். சரிதானே?"

அரை விரல்கூடப் பிசகவில்லை.

இடத்தைக் கொடுத்தால் மடத்தைப் பிடுங்குவான் என்பார்கள்.
இந்தத் தண்ணீருக்கு இடம் கொடுத்தது யார்,
எது என்பதை ஊசி சொல்லும்,
எக்ஸ்ரே சொல்லும், பெரிய ஆஸ்பத்திரி சொல்லும்.
நான் தட்டுகிறவள் மட்டும்.

சீட்டு எழுதினேன்.
அவசரம் என்பதை இரண்டு முறை அடிக்கோடிட்டேன்.
வெளியே காற்று கடலை விட்டுவிட்டு
புகைபோக்கிப் பக்கமிருந்து வரத் தொடங்கியிருந்தது.
யாரோ ஜன்னலைச் சாத்தினார்கள்.

பெஞ்சில் அவன் மனைவி, மடியில் அவன் ஜாக்கெட்.
கதவருகே நின்றான்.
அதுவரை ஒரு சொல் தமிழ் பேசாதவன்
அம்மாவின் வாயிலிருந்து கடன் வாங்கியதுபோல் சொன்னான்:
"தனாகிட்ட மூச்சு விடாதீங்க, சிஸ்டர்."

நாளெல்லாம் நான் சொல்வதோ
இழுங்க, பிடிங்க, விடுங்க.

தனா எழுந்து வந்தாள்.
எப்படி இருக்கார் என்றாள்.
பார்ப்போம், ஒரு எக்ஸ்ரே எடுக்கட்டும் என்றேன்.
அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை.
என் சட்டைப் பொத்தானைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.